பரேல் முதல் பண்டாரா வரை: தனித்தொகுதி யாருடைய தொகுதி?



நினைவுச் சொற்பொழிவு என்றால் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. இன்று அதைத் தவிர்த்து, அம்பேத்கர் நின்ற மூன்று தேர்தல்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்றில் வென்றார், இரண்டில் தோற்றார். அந்த வெற்றி தோல்விகளில் ஆளின் பங்கு எவ்வளவு, வாக்கை எண்ணும் முறையின் பங்கு எவ்வளவு என்பதே இன்றைய கேள்வி.

முதலாவது, 1937 பம்பாய் மாகாணத் தேர்தல். பூனா ஒப்பந்தத்துக்கும் 1935 சட்டத்துக்கும் பிறகு நடந்த முதல் தேர்தல் அது. அம்பேத்கர் 1936-ல் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி 17 இடங்களில் நின்று 14-ல் வென்றது. அவரே நின்றது பம்பாய் நகரத்தின் ஆலைப் பகுதியான பைக்குலா–பரேலில். எதிரே காங்கிரஸ் நிறுத்தியது சாதாரண ஆளை அல்ல. தலித் சமூகத்திலிருந்து எழுந்து நாடறிந்த பந்துவீச்சாளரான பால்வங்கர் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225. ஏறத்தாழ இரண்டாயிரம் வாக்கு வித்தியாசம்.

அங்கே ஒரு விதி இருந்தது. தொகுதியில் எத்தனை இடங்களோ, வாக்காளருக்கு அத்தனை வாக்குகள். அவற்றைப் பிரித்தும் போடலாம், மொத்தத்தையும் ஒருவருக்கே போடலாம். எண்ணிக்கையில் சிறுபான்மையான ஒரு சமூகம் தன் வாக்குகளை எல்லாம் தன் ஆளுக்கே குவிக்க முடிந்தது. பொதுத்தொகுதி முறைக்குள்ளேயே தலித் வாக்குக்கு ஒரு கனம் இருந்தது.

இரண்டாவது, அதே பம்பாய், 1952. வடக்கு பம்பாய் மக்களவைத் தொகுதி. இப்போது எல்லோருக்கும் வாக்குரிமை. அதை வரவேற்காத தலித் இல்லை. ஆனால் எண்ணும் விதி மாறியிருந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஆளுக்கு இரண்டு வாக்குகள், இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. ஒரே பெட்டியில் இரண்டு சீட்டையும் போட்டால் ஒன்று செல்லாது. முடிவு: காங்கிரசின் நாராயண கஜ்ரோல்கர் 1,38,137, அம்பேத்கர் 1,23,576. 70,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டன. அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் தொடுத்த தேர்தல் வழக்கு தள்ளுபடியானது.

மூன்றாவது, 1954 பண்டாரா இடைத்தேர்தல். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்தில் அசோக் மேத்தா வென்றார். தனி இடத்தில் அம்பேத்கர் தோற்றார், காங்கிரசின் போர்கர் வென்றார். அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவரால் அதே சட்டம் தந்த தனி இடத்தில் மக்களவைக்குள் நுழைய முடியவில்லை. 1955 ஆகஸ்டில் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பே சட்டமன்ற, நாடாளுமன்றத் தனி இடங்கள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அது விரக்தியில் போட்ட தீர்மானம் என்று சொல்வோர் உண்டு. பதினெட்டு ஆண்டு அனுபவத்தின் கணக்கு அது என்பது என் வாசிப்பு.

இந்த ஆபத்தை முன்கூட்டியே சொன்னவர் ஒருவர் உண்டு. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், சென்னை மாகாண உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனி இடத்தில் ஒருவர் வெற்றி பெற்றதாக அறிவிக்க வேண்டுமானால், பட்டியல் சாதியினர் அளித்த வாக்குகளில் 35 சதவீதமாவது அவர் பெற்றிருக்க வேண்டும். தனி வாக்காளர் தொகுதியை அவர் கேட்கவில்லை. பொதுத்தொகுதிக்குள் ஒரு குறைந்தபட்சப் பாதுகாப்பைத்தான் கேட்டார். வல்லபாய் படேல் கடுமையாக எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது.

பிறகு 1957. ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே பிடித்தார்கள். பொது இடத்துக்கு நின்று தோற்றவர் வி.வி. கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1959-ல் தோற்றது. 1961-ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. அம்பேத்கர் இருமுறை தோற்றபோது யாருக்கும் கோளாறாகப் படாத முறை, பொது இடத்தில் ஒரு பழங்குடியினர் அமர்ந்த பிறகு கோளாறானது. இந்த வரிசையை மாணவர்கள் மனதில் வையுங்கள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 1937-ல் பரேல் வாக்களித்தபோது புதுக்கோட்டை மன்னராட்சியின் கீழ் இருந்தது. 1948-ல்தான் இந்தியாவோடு இணைந்தோம். இன்று நமக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள், அவற்றில் கந்தர்வகோட்டை தனித்தொகுதி. அங்கே வேட்பாளர் எல்லோரும் நம்மவர். வாக்காளரில் பெரும்பான்மையோர் பிறர். டிக்கெட் கொடுப்பது கட்சித் தலைமை. ஆகவே வெற்றிபெற நம் தெருக்களின் நம்பிக்கை அவசியமில்லை, ஊர்த்தெருக்களின் கோபத்தைக் கிளறாமல் இருந்தால் போதும். இதை எந்தத் தனி மனிதரின் குறையாகவும் சொல்லவில்லை. நேர்மையான, போராடுகிற உறுப்பினர்களும் இந்த முறைக்குள்ளிருந்தே வந்திருக்கிறார்கள். முறை அவர்களை அப்படி இருக்கும்படி கேட்கவில்லை என்பதே என் வாதம்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில்தான் ஒரு பிரதிநிதி முதலில் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது தெரிகிறது.

எதிர்வாதத்தையும் கேட்போம். பொதுத்தொகுதியால்தான் பிற சாதியினரும் ஒரு தலித்துக்கு வாக்குப்போடப் பழகினார்கள், மற்ற தொகுதிகளில் நம் தெருவுக்கும் வந்து வாக்குக் கேட்கிறார்கள் என்பது உண்மை. தனித்து ஒதுங்கினால் தனித்தே விடப்படுவோம் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் நாகப்பா கேட்டது ஒதுங்குவது அல்ல. எல்லோரும் வாக்களிக்கட்டும், எங்கள் சம்மதமும் அதில் இருக்கட்டும் என்பதுதான்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. வாக்குச்சாவடி வாரியான முடிவுகளைத் தேர்தல் ஆணையம் படிவம் 20-ல் வெளியிடுகிறது. கந்தர்வகோட்டையின் கடைசி மூன்று தேர்தல்களை எடுங்கள். நம் மக்கள் அதிகம் வாக்களிக்கும் சாவடிகளில் முதலிடம் வந்தவர் யார், தொகுதியில் வென்றவர் யார் என்று பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்பது வெளியானால் பழிவாங்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆகவே சாவடியின் பெயரை மறைத்து எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், இந்த விவாதத்தை உணர்ச்சியில் அல்ல, கணக்கில் நடத்தலாம். 1947-ல் நாகப்பா திரும்பப் பெற்ற திருத்தத்தை மீண்டும் மேசையில் வைக்கலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.