நமக்கென ஒரு கட்சி இல்லாதபோது



தேர்தல் காலம் வந்துவிட்டால் மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. "நிற்பவர்களில் நமக்காகப் பேசுபவர் யார்?" என்பதே அது. ஒரு கட்சி மண்ணின் மைந்தர்களைப் பற்றிப் பேசுகிறது; மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்திருந்தாலும் அச்சொல்லுக்குள் நாம் அடங்குவதில்லை. மற்றொரு கட்சி அவ்வூர்ச் சாதிகளின் கணக்கைப் பேசுகிறது. அதிலும் நமக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் நாம் அறிந்த கட்சிகளோ பெரும்பாலும் அங்கே போட்டியிடுவதில்லை, போட்டியிட்டாலும் பெயரளவுக்கே. ஆகவே, யார் வந்தால் நமக்கென்ன என்று வாக்களிப்பு நாளில் வீட்டிலேயே தங்கிவிடுவோர் பலர். அது தக்கதுதானா, அன்றெனில் எவ்வாறு முடிவு செய்வது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டுத் தேர்தல் முறையில் ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். மற்றவர்களைவிட ஒரு வாக்கு அதிகம் பெற்றவர் வென்றவராவார். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்பதில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் உள்ளதுபோல முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்தவும் நமக்கு வழியில்லை. இம்முறையில், நூற்றுக்கு ஐந்து பேராகச் சிதறிக் கிடப்போரைக் கட்சிகள் மறந்துவிடுவது வெறுப்பினால் மட்டுமன்று, கணக்கினாலும்தான். ஆனால் போட்டி நெருங்கிவிட்டால் அதே கணக்குத் தலைகீழாகிறது. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளிச் சட்டசபைத் தொகுதியில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது ஒரே ஒரு வாக்கு. 2024இல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 48 வாக்குகள். பல லட்சம் பேர் உள்ள தொகுதியில் ஒரு சிறு சந்தில் குடியிருப்போரின் தொகை அது!

ஆயினும் வாக்கைப் பற்றி யோசிக்குமுன், பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே அவர் பெயர் பதிவாக வேண்டும். இரண்டு இடங்களில் இருத்தலாகாது. சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பதனாலேயே ஒருவர் அங்கு வசிப்பவராகிவிட மாட்டார் என்றும் அச்சட்டம் தெளிவாகக் கூறுகிறது. நம்மவரில் பலர் பெயரை ஊரிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். குலதெய்வமும் பாட்டன் வீடும் இருக்கும் இடத்திலிருந்து பெயரை எடுக்க மனம் ஒப்பாதது இயல்பே. ஆனால் நாம் குடிக்கும் நீரும், மிதிக்கும் சாக்கடையும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் இங்கேயல்லவா இருக்கின்றன? தொலைவிலிருந்தே ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் ஓர் இயந்திரத்தைக் குறித்துத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுடன் கலந்து பேசியது. பல கட்சிகள் ஐயம் எழுப்பின. அது நடைமுறைக்கு வரவில்லை.

பெயர் இருக்கும் இடம் வாக்களிப்பதற்கு மட்டும் பயன்படுவதன்று. தில்லி ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப் என்னும் தமிழர் குடியிருப்பு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் முதல் தேதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகள். மாற்று வீடு பெறத் தகுதியில்லை என்று நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒதுக்கப்பட்டன. தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கையில் தகுதிக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று, குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பது. இதை அறிந்த பின்னும் பெயரை மாற்றாமல் இருப்பதற்கு நியாயம் சொல்வது கடினம். புதிதாகச் சேர்வதற்கு 6ஆம் படிவம். இடம் மாறியவர்களுக்கு 8ஆம் படிவம். கட்டணம் ஏதுமில்லை.

இனி, தேர்தல் எதற்கு என்பதைப் பார்க்க வேண்டும். மாநகராட்சி உறுப்பினரிடம் ரயிலைக் கேட்பதும், மக்களவை உறுப்பினரிடம் தெருவிளக்கைக் கேட்பதும் நம் வழக்கமாகிவிட்டது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. அப்பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால், அது பெரிய தலைவர்கள் மேடையேறாத மாநகராட்சித் தேர்தலின் விஷயம். நமக்குப் பிரதிநிதியே இல்லை என்ற குறை, சிறிய தேர்தலில் பாதியாவது குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். வட்டம் சிறியது, நம் தெருவின் பங்கு பெரியது.

இதற்கு எதிர்ப்புறத்துப் பாடம் கோலார் தங்கவயல். அங்கே தமிழ்த் தொழிலாளர் சிதறிக் கிடக்கவில்லை; திரண்டிருந்தனர். பெரிய கட்சிகளைத் தள்ளிவிட்டுத் தமக்கு உகந்தவரை அனுப்ப அவர்களால் முடிந்தது. 1957இல் கம்யூனிஸ்டு கட்சி, 1999இல் அண்ணா தி.மு.க., 2004இல் இந்தியக் குடியரசுக் கட்சி என்று அத்தொகுதி கர்நாடகச் சட்டசபைக்கு உறுப்பினர்களைத் தந்திருக்கிறது. எனினும் 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. அது மத்திய சர்க்காரின் நிறுவனம். சாவி சட்டசபையில் இல்லை. அவர்கள் அளித்த வாக்கு வீண் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் கதவைத் திறக்க எந்தச் சாவி என்பதை வாக்காளர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கே இதைச் சொன்னேன்.

சரி, வாக்குச் சாவடிக்குப் போய்விட்டோம். பட்டியலில் எவரும் நம்மவர் இல்லை. மூன்று வழிகள் உண்டு.

'நோட்டா' ஒன்று. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால் வந்த உரிமை. அதற்கு முன் வாக்களிக்க விரும்பாதவர் அதிகாரியிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது, இரகசியம் இல்லை. ஆனால் மக்களவை, சட்டசபைத் தேர்தல்களில் நோட்டா எத்தனை பெற்றாலும் வெற்றியை அது தடுக்காது. 2024இல் இந்தூரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினர்; முக்கிய எதிர்க்கட்சியின் வேட்பாளர் விலகியிருந்தார். அவர்கள் செய்தி நாடெங்கும் கேட்டது. வென்றவர் வென்றவராகவே இருந்தார். நிற்பவர் அனைவருமே நமக்குத் தீங்கு செய்பவர் என்ற நிலையில் நோட்டா நேர்மையான பதில். அலுப்பினால் அதை அழுத்துவது எனக்கு உவப்பன்று.

சிறு கட்சிக்கோ சுயேச்சைக்கோ வாக்களிப்பது மற்றொன்று. வெல்லமாட்டார் என்று தெரிந்தும் அளிக்கலாமா? செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் வைப்புத்தொகையை இழக்கிறார் என்பது உண்மை. ஆனால் தேர்தல் முடிந்த பின்னும் அத்தெருவில் இருந்து உழைப்பவர் என்றால், இன்று பெறும் ஆயிரம் வாக்கு அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கு அவருடைய முதல் ஆகும். தேர்தலுக்கு மட்டும் தோன்றி மறைபவருக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, வெல்லக்கூடிய இருவரில் ஒருவரைத் தேர்வது. இதைத் தோல்வி என்று பலர் கருதுகிறார்கள்; நான் அவ்வாறு கருதவில்லை. இருவருடைய உறுதிமொழிப் பத்திரங்களும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கின்றன. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த வசதி இது. வழக்குகளும் சொத்தும் கல்வியும் அதில் உண்டு. அதைவிட முக்கியமானது ஒரு கேள்வி: நம்மைப் பிடிக்காத கூட்டம் ஒருநாள் நம் தெருவுக்குள் புகுந்தால், இவ்விருவரில் யார் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பார்? பதில் பெரும்பாலும் கட்சியின் கொடியிலிருந்து கிடைப்பதில்லை. அம்மனிதரின் பழைய நடத்தையிலிருந்து கிடைக்கும். தமிழ் பேசுபவர் என்பதும் தானே போதாது. நம் மொழி பேசுவது வேறு, நம் குறையைப் பேசுவது வேறு.

நாம் யாருக்கு அளித்தோம் என்பது இரகசியம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்குச் சாவடியிலும் யாருக்கு எத்தனை என்பது இரகசியமன்று. 20ஆம் படிவம் என்னும் தாளில் சாவடிவாரியாக அது வெளிவருகிறது. கட்சிக்காரர் அதைக் கூர்ந்து படிக்கிறார்கள். நம் சாவடியில் நூற்றுக்கு முப்பது பேரே வந்தனர் என்றால் அதுவும் அதில் தெரியும். எழுபது பேர் வந்து, வென்றவருக்கும் தோற்றவருக்கும் பிரிந்து அளித்திருந்தால், அதுவும் தெரியும். அடுத்த முறை சாக்கடை மனுவோடு செல்லும்போது அத்தாளின் நகல் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.