மூடி இறுகாத புட்டி

(வேதியியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு. ஃபெரஸ் சல்பேட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம்பார்க்க வேண்டும். காலை அணிக்குப் புதுப் புட்டி. அது தீர்ந்துவிட்டதால், பிற்பகல் அணிக்குப் பழைய புட்டியிலிருந்து அதே எடையை நிறுத்துக் கரைத்தோம். நான் எதிர்பார்த்தது 20 மி.லி. ஒரு மாணவி 17.8 என்று எழுதியிருந்தாள். "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் எழ்தி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

அவள் அழவில்லை. "மூணு தடவையும் அதேதான் சார் வந்துச்சு. சிப்காட் புகையால கெட்டுப்போயிருக்குமா?" என்று கேட்டாள். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு எதற்கும் முதலில் எழும் சந்தேகம் அது.

மீதிக் கரைசலை நானே தரம்பார்த்தேன். 17.8! புட்டியை எடுத்துப் பார்த்தால் மூடி இறுகவே இல்லை; பச்சைப் படிகங்கள் மேல் பழுப்பு படிந்திருந்தது. புகை தேவையில்லை, சாதாரணக் காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் போதும். ஃபெரஸ் அயனி ஃபெரிக் ஆகிவிடும். ஃபெரிக்கைப் பெர்மாங்கனேட் தொடாது. 2.2 மி.லி. குறைந்ததென்றால் நூற்றில் பதினொரு பங்கு கைவிட்டுப் போயிருக்கிறது. தராசு சொன்ன எடை சரி, புட்டியில் இருந்த பொருள்தான் வேறு.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. அதே மேசையில் ஒரு மாணவன் 20.0 என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். அந்தக் கரைசலில் 20 வரவே வழியில்லை. காலை அணியிடம் கேட்டு எழுதியிருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எந்த எண்ணுக்கு மதிப்பெண் கிடைக்கும் என்று காட்டிக்கொடுத்ததே நான்தானே! மீண்டும் செய்யச் சொன்னேன், 17.7 வந்தது. இருவர் மதிப்பெண்ணையும் திருத்தினேன். மாணவியின் தாளில் சிவப்பு மையை அடித்துக் கையெழுத்திட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு அணிக்கும் முன்பு அந்தக் கரைசலை நானே ஒருமுறை தரம்பார்த்து, அந்த அளவையே விடையாக வைக்கிறேன். கரைக்கும் நீரில் முதலில் நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறோம், ஆக்சிஜனேற்றம் மெதுவாகும். திட்டக் கரைசலுக்கு மோர் உப்புதான். ஜெர்மானிய வேதியியலர் கார்ல் ஃபிரீட்ரிக் மோர் (1806–1879) பெயரால் அழைக்கப்படும் இந்த இரட்டை உப்பு, ஃபெரஸ் சல்பேட்டை விடக் காற்றைத் தாங்கும். 1855இல் தரம்பார்த்தல் பற்றிப் பாடநூலே எழுதியவர் அவர்.

சோடியம் ஹைட்ராக்சைடு இன்னும் மோசம். வில்லைகளைக் கடிகாரக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டு வருவதற்குள் வியர்த்திருக்கும். ஈரம் எடையைக் கூட்டும். கார்பன் டை ஆக்சைடு காரத்தைக் கார்பனேட்டாக்கும். பாட்டியின் சுண்ணாம்பு டப்பாவில் மேலே ஏடு கட்டுமே, அதே வேலை. கார்பனேட்டான காரத்தில் பாதிதான் ஃபினால்ஃப்தலீனில் கணக்காகும். அதனால்தான் அதை எடைபோட்டுத் திட்டக் கரைசலாக்காமல், ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு தரப்படுத்துகிறோம். நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கரைப்பது நல்லது. இளஞ்சிவப்பு வந்து சற்று நேரத்தில் மறைந்தால் மாணவர் மேலும் சொட்டுவிடுவர்; அதுவும் பெரும்பாலும் காற்றின் வேலையே. அரை நிமிடம் நிலைத்தால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மேசைமேல் இரண்டு ஃபெரஸ் சல்பேட் கரைசல்கள் இருக்கின்றன: ஒன்று புதுப் படிகம், மற்றது அந்தப் பழைய புட்டி. எது எதுவென்று பெயர் ஒட்டவில்லை. பியூரெட்டுகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.