எடை ஏறுது, சர்க்கரை இறங்குது
(நூம்பலில் கூடிய ஆதரவாளர்கள் நடுவே எங்கள் மருத்துவக் குழு ஆற்றிய உரை)



நூம்பல் சர்க்கரை நோய் முகாமில் ஒரு தாயார் எங்களை மடக்கினார். "எடையைக் குறைன்னு சொல்றதும் நீங்கதான், டாக்டரம்மா. நீங்க எழுதிக் கொடுத்த மாத்திரையாலதான் மூணு கிலோ ஏறிட்டேன். இது என்ன நியாயம்?"

அவர் சொன்னது சரியே. அந்த மாத்திரை பியோகிளிட்டசோன். நம் கொழுப்புச் செல்களில் பிபிஏஆர் காமா என்ற புரதம் இருக்கிறது. மரபணுக்களை முடுக்கிவிடும் சுவிட்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை மருந்து அந்தச் சுவிட்சில்தான் போய் ஒட்டுகிறது என்பது 1995-இல் தெரியவந்தது. ஒட்டியதும் புதிய கொழுப்புச் செல்கள் உண்டாகின்றன. அடிப்போநெக்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணு மும்முரமாக வேலை செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஹார்மோன் சுரப்பது கொழுப்பில். ஆனால் பருத்தவர்களிடம்தான் அது குறைவு! அது கூடினால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். கல்லீரலில் தேங்கிய கொழுப்பு குறைந்து, தோலுக்கடியில் சேரும். ஆகவே எடை ஏறியும் சர்க்கரை இறங்குகிறது.

அந்தச் சுவிட்சுக்கான மரபணுவைப் பற்றி நம் ஊரிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதில் ஒரு சிறு மாற்றம் உள்ள வெள்ளையருக்கு நீரிழிவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. சென்னையிலும் அமெரிக்காவின் டல்லஸ் நகரிலும் வாழும் தெற்காசியரிடம் அந்தப் பாதுகாப்பு காணப்படவில்லை என்று மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2006-இல் வெளியிட்டார்கள். வெளிநாட்டுக் கணக்கை அப்படியே நமக்குப் போட முடியாது.

சுவிட்சைத் தட்டுவது விளையாட்டல்ல. இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து டிரோகிளிட்டசோன் கல்லீரலைக் கெடுத்ததால் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ரோசிகிளிட்டசோன், இருதய ஆபத்து பற்றிய அச்சத்தால் 2010-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பியோகிளிட்டசோனையும் சிறுநீர்ப்பை புற்றுநோய் பற்றிய சந்தேகத்தால் 2013 ஜூனில் நிறுத்தி, மறுமாதமே எச்சரிக்கை வாசகத்தோடு அனுமதித்தார்கள். அதே சுவிட்சு சிறுநீரகத்திலும் இருப்பதால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும். இருதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

மருந்தென்று யாரும் தராத பொருளும் இதே வேலையைச் செய்கிறது. கப்பலின் அடிப்பாகத்துக்கு அடித்த வண்ணத்தில் கலந்த டிரைபியூட்டைல் டின் என்ற சேர்மத்தைச் சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, குட்டிகளுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. இதுவும் 2006-இல் வெளிவந்ததுதான். கப்பல் வண்ணத்தில் அதற்கு 2008-இல் உலகத் தடை வந்தது.

அந்தத் தாயாரின் கணுக்காலை அழுத்திப் பார்த்தோம், குழி விழவில்லை. மாத்திரை தொடர்கிறது. ஆனால் அதே நாளில் வந்த ஒரு பெரியவர், பழைய சீட்டைக் காட்டி ஒரு வருடமாகக் கடையில் தானே வாங்கி விழுங்கியிருந்தார். கால் இரண்டும் வீங்கி, மூன்று தலையணை வைத்துத்தான் படுக்க முடிந்தது அவருக்கு. மாத்திரையை நிறுத்தி, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

இப்போது நூம்பலில் சர்க்கரைச் சீட்டைக் கையில் வாங்குமுன் காலைத்தான் அழுத்திப் பார்க்கிறோம்.