வினைச்சொல்லின் வாலை வெட்டியபோது

(மொழியாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



22 ஆண்டுகளாகத் தமிழ் இலக்கணம் நடத்திவரும் நான், சென்ற ஆண்டு ஒரு மாலை வகுப்பில் ஸ்பானிய மொழி கற்கச் சேர்ந்தேன். மீண்டும் மாணவராக உட்கார்ந்து பார்க்கும் ஆசைதான்.

முதலில் நிகழ்காலம். 'அப்லார்' என்றால் பேசுதல், 'கொமேர்' உண்ணுதல், 'பிபீர்' வாழ்தல். ஈற்றிலுள்ள ஆர், ஏர், ஈர் ஆகியவற்றை நீக்கிவிட்டு விகுதி சேர்க்க வேண்டும். விகுதிகளும் வகைக்கு வகை மாறும். நெட்டுருப் போட்டேன்.

அடுத்து எதிர்காலம். 'நாளை பேசுவேன்' என்று எழுதச் சொன்னார்கள். பழகிய கை 'ஆர்' என்பதை வெட்டி 'ஏ' சேர்த்து, 'அப்லே' என்று எழுதிவிட்டது. சிவப்பு மையில் ஒரு கோடு, விளக்கம் இல்லை. அப்லே என்றால் 'பேசினேன்' என்பது பிறகுதான் தெரிந்தது. நாளைய பேச்சை நேற்றே பேசி முடித்திருக்கிறேன்! நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எதிர்காலத்தில் எதையும் வெட்டக் கூடாது. முழுச்சொல் அப்படியே நிற்க, அதன்மேல் விகுதி ஏறும். அப்லரே (பேசுவேன்), அப்லராஸ் (பேசுவாய்), அப்லரா (பேசுவான், பேசுவாள்), அப்லரேமோஸ் (பேசுவோம்), அப்லரெய்ஸ் (பேசுவீர்கள்), அப்லரான் (பேசுவார்கள்). கொமெரே, பிபிரே என மற்ற இரு வகைக்கும் இதே ஆறு விகுதிகள்தாம். அப்லரெய்ஸ் ஸ்பெயினில் வழங்குவது. லத்தீன் அமெரிக்காவில் முன்னிலைப் பன்மைக்கும் அப்லரான் போதும். எழுதும்போது 'ஏமோஸ்' தவிர மற்ற ஐந்து விகுதிகளிலும் உயிரெழுத்தின்மேல் அழுத்தக்குறி வரும். பத்துப் பன்னிரண்டு வினைகளில் அடிச்சொல் சற்றுத் திரியும். அவற்றிலும் விகுதி மாறாது.

ஏன் வெட்டக் கூடாது? வகுப்பில் யாரும் சொல்லவில்லை, நானே தேடினேன். அந்த விகுதிகள் ஒருகாலத்தில் தனி வினை. 'அபேர்' என்ற சொல்லுக்கு 'உடைமை' என்று பொருள். அதன் நிகழ்கால வடிவங்கள் ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆன். 'பேசுதல் உடையேன்' என்பது 'பேச வேண்டியிருக்கிறது' என்றாகி, பின் 'பேசுவேன்' என்று நின்றுவிட்டது. பழைய ஸ்பானியத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே 'உனக்கு', 'அதை' போன்ற சொற்கள்கூட நுழைந்தன. 1492இல் ஸ்பானிய இலக்கணம் எழுதிய நெப்ரிஹா இந்தச் சேர்க்கையைக் குறித்திருக்கிறார். ஒட்டி நிற்பவை இரண்டு சொற்கள் என்று தெரிந்தபின் என் கை வெட்டப் போகவில்லை.

அந்தச் சிவப்புக் கோடு மட்டும் இன்னும் உறுத்துகிறது. கல் என்பது கற்றான் ஆவதைப் பார்த்து, நில் என்பதற்கு 'நிற்றான்' என்று எழுதிய ஒரு பிள்ளைக்கு நானும் கோடு மட்டும்தான் போட்டேன். அந்தப் பிள்ளை ஒரு விதியைத் தானே கண்டுபிடித்திருந்தது. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

இன்னொன்று. நம்மைப் போலவே அவர்களும் எதிர்கால வினையால் ஊகம் சொல்கிறார்கள். 'செரான் லாஸ் சின்கோ' என்றால் 'மணி ஐந்து இருக்கும்'. கடிகாரம் பார்க்காமலே சொல்கிறேன்: செரான் லாஸ் சின்கோ. வெளியே தேநீர் வந்திருக்கும்.