முதல் இலை யாருக்கு?



செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைக் கடக்கும்போது, நண்பகலுக்கு முன்பே ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் அங்கே உணவு கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். 1936-இல் அந்த ஆசிரமத்தை நாடி வந்தவர்களில் எஸ்.எஸ். கோகன் ஒருவர். இராக்கில் பிறந்த யூதர். அவர் பிறந்த குலத்திலும் இப்படியொரு வழக்கம் உண்டு.

அதுதான் பூரிம் திருவிழா. எஸ்தர் நூலை நாம் அதிகம் புரட்டுவதில்லை. அதில் இந்தியாவின் பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எஸ்தர் மூன்று நாள் நோன்பிருந்து தம் மக்களைக் காத்தார். தப்பிய மக்கள் அந்த மகிழ்ச்சியை விருந்தாக்கினார்கள். கசகசா வைத்த முக்கோணப் பலகாரம்கூட உண்டு, நம் சோமாஸுக்குத் தங்கை முறை! ஆனால் விருந்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒருவருக்காவது இரண்டு வகை உணவு அனுப்ப வேண்டும். ஏழைகள் இருவருக்காவது கொடுக்க வேண்டும். பிறர் கொடுப்பதில் வாழும் ஏழையும் தன் பங்குக்குக் கொடுக்க வேண்டும். சொந்தப் பந்தியைப் பெருக்குவதைவிட ஏழைகளின் பங்கைப் பெருக்குவதே மேல் என்று 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ் எழுதினார்.

நாம் என்ன செய்தோம்? போன பாஸ்காவுக்கு அன்பியத்தில் பிரியாணிக் கணக்குப் போட்டபோது உபயதாரர், பாடகர் குழு, விருந்தினர் எல்லாருக்கும் இலை எண்ணினோம். கேட்டருகே நிற்பவர்களை எண்ணவில்லை. மிஞ்சினால் கொடுக்கலாம் என்றோம். மிஞ்சியது குஸ்காதான், அதுவும் ஆறிப்போய்.

இந்தத் தவக்காலம் முடிவதற்குள் அதே கணக்கு நோட்டை மீண்டும் திறக்கப்போகிறோம். அரிசி எத்தனை கிலோ என்று எழுதுமுன், கேட்டருகே நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் வரியில் எழுதுவோம். அவர்களுக்கும் கறித்துண்டோடு, சூடாக.