பனிக்காலத்துக்குப் போடும் திட்டம்

தை மாதப் பனியில் அக்கரப்பத்தனையின் டயகமப் பக்கம் தேயிலைக் கொழுந்தே கருகும். ஆனாலும் தோட்ட லயத்துப் பாதையைச் செப்பனிட அதுதான் காலம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் வெட்டிய மண் சரியும்.

ஆனால் அந்தப் பாதைக்குப் பணம் கேட்டால், இலங்கையின் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. வாக்களித்த மக்களின் வாசலுக்கு ஒரு கல் பதிக்க வழியில்லை. பெரிய அநீதி அது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபையும் அப்போதுதான் கிடைத்தது.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சபை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். ஆகவே பாதை, பீலி, வடிகான் எதுவானாலும், உங்கள் கோரிக்கையை ஐப்பசியிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.