இரண்டு இயந்திரங்கள், ஒரே படகு

(முகையூரில் இளைஞர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



கடலுக்குத் தூரமான முகையூரில் படகைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அரகண்டநல்லூரில் வெள்ளம் புகுந்தது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின்மேலேயே தண்ணீர் ஓடியது. அப்படிப்பட்ட நாளில் பிரசவ வலி கண்ட தாயும், டயாலிசிஸுக்குப் போகவேண்டிய முதியவரும் படகைத்தான் நம்பியிருக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்ளூர்களுக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானோரைக் கரைசேர்த்ததை நாம் அறிவோம். ஆகவே நம் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்வது நல்லது.

படகின் பின்பலகையில் மாட்டும் இயந்திரத்தை அவுட்போர்டு மோட்டார் என்கிறோம். ஒன்றுக்கு இரண்டாக மாட்டுவது எதற்காக? வேகத்துக்காக மட்டுமல்ல, ஒன்று நின்றாலும் மற்றது கரைசேர்க்கும் என்பதற்காக. ஆனால் கவனியுங்கள்: இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து பெட்ரோல் குடித்தால், அந்தத் தொட்டியில் தண்ணீர் கலந்த அன்று இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இரண்டு வைத்து, டீசல் தொட்டி ஒன்று வைப்பதைப் போன்றதுதான் அது. ஆகவே தொட்டி, வடிகட்டி, பாட்டரி ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். அப்பொழுதுதான் இரண்டு என்பது உண்மையிலேயே இரண்டு.

இனி ஓட்டும் விதம். முதற்பாடத்தை வெள்ளத்தில் அல்ல, அமைதியான ஏரியில் மெதுவாகப் படியுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இடது மோட்டாரை முன்னுக்கும் வலது மோட்டாரைப் பின்னுக்கும் போட்டால், படகு நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பும். குறுகலான தெருவில் இது பேருதவி. முன்னிலிருந்து பின்னுக்கு மாற்றும்போது நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்துங்கள். இல்லையேல் பற்சக்கரங்கள் உடையும். பிறகு வேண்டுமென்றே ஒரு மோட்டாரை நிறுத்தி ஓட்டிப் பழகுங்கள். படகு நின்றுபோன மோட்டாரின் பக்கமாகவே இழுக்கும். ஸ்டீயரிங்கால் அதைச் சரிக்கட்டி, நின்ற மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுங்கள். வேகம் பாதிக்கும் கீழே இறங்கலாம், பதறாதீர்கள்.

கோளாறு வந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: ஒன்று நின்றதா, இரண்டும் நின்றதா?

இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால், இரண்டுக்கும் பொதுவான பொருளைப் பாருங்கள். ஓட்டுநர் உடலில் மாட்டியிருக்கும் அவசர நிறுத்தக் கயிறு கழன்றிருக்கலாம். அல்லது இரண்டு தொட்டிகளையும் ஒரே கேனிலிருந்து நிரப்பியிருக்கலாம்.

ஒன்று மட்டும் நின்றால், ஓடிக்கொண்டிருப்பதே உங்களுக்கு ஆசான். இரண்டையும் ஒப்பிடுங்கள். தொட்டி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் குமிழை அமுக்கினால் கெட்டிப்படுகிறதா? மோட்டார்கள் ஒரே வகையானால், நல்ல மோட்டாரின் பெட்ரோல் குழாயை நின்றதற்கு மாட்டிப் பாருங்கள். அது ஓடினால் குற்றம் தொட்டியிலோ குழாயிலோ இருக்கிறது. ஓடாவிட்டால் மோட்டாரில் தேடுங்கள். ஆனால் இந்தச் சோதனையைக் கரையில் கட்டிய பிறகே செய்யவேண்டும். ஓடும் வெள்ளத்தில் நல்ல மோட்டாரைத் தொடாதீர்கள்.

மோட்டாரின் பின்புறம் ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்துகொண்டிருக்க வேண்டும். அது நின்றால், குளிர்விக்கும் தண்ணீர் போகவில்லை என்று பொருள். உடனே அணைத்துத் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்தில் வந்த பிளாஸ்டிக் பை வாயை அடைத்திருக்கும். மோட்டார் இரைந்தும் படகு நகராவிட்டால், புரொப்பெல்லரின் நடுப்பகுதி வழுக்குகிறது, அல்லது அதன் ஊசி முறிந்திருக்கிறது. சேலை, கயிறு, வேலிக் கம்பி சுற்றிக்கொண்டாலும் படகு நின்றுபோகும். அவற்றை எடுக்குமுன் மோட்டாரை அணைத்துச் சாவியை உருவிவிடுங்கள்.

கடைசியாக, எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவரைத் தூக்கும்போது நியூட்ரல் போதாது. இரண்டு மோட்டார்களையும் முற்றிலும் நிறுத்துங்கள். தெரியாமல் கை பட்டால் கியர் விழும். காப்பாற்ற வந்த படகே காலை வெட்டிவிடும். வெள்ளத்தின் இழுப்பைக் கணக்கிட்டு, அவருக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக நெருங்கி, அருகே வந்ததும் மோட்டார்களை நிறுத்தலாம். அல்லது தூரத்திலிருந்தே கயிறு வீசலாம்.

மழைக்காலம் வருமுன், ஓர் ஏரிக்கரையில் நான்கு மாலைப்பொழுதுகளைச் செலவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு படிக்க நேரமிராது.